பிபிசி மைக்ரோ: பிராசசரை மாற்றுவதா, மெஷின் கோடு எழுதுவதா?

பழைய பிபிசி மைக்ரோ கணினியை வேகப்படுத்த இந்த இரண்டில் எது நல்லது? 1984இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த அந்தக் கணினியில் இருப்பது 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசசர். அதைக் கழற்றி அதன் பிந்தைய வடிவமான 65சி02 போட்டால் எஸ்டிஇசட் (நினைவகத்தில் பூஜ்யம் எழுதுவது) போன்ற புதிய கட்டளைகள் கிடைக்கும், வேகம் பழையதுதான். டபிள்யூடிசி நிறுவனத்தின் இன்றைய 65சி02 சில்லில் முதல் கால் சிக்னலை வெளியே அனுப்புவது, பழைய சாக்கெட்டிலோ அது கிரவுண்ட் (0 வோல்ட்). அந்தக் காலைத் துண்டிக்காமல் செருகவே கூடாது. ராயபுரம், காசிமேடு உப்புக்காற்றில் கிடந்த சில்லு என்றால் கழற்றும்போதே கால் ஒடியலாம்.

பிராசசர் நேரடியாக இயக்கும் மெஷின் கோடுக்குச் செலவே இல்லை. கணினியோடு வரும் பேசிக் மொழியிலேயே, கட்டளைகளை மெஷின் கோடாக மாற்றும் அசெம்பிளர் இருக்கிறது. சதுர அடைப்புக்குள் எழுதினால் போதும். அடிக்கடி தொடும் மாறியைப் பூஜ்யப் பக்கத்துக்கு (நினைவகத்தின் முதல் 256 பைட்) கொண்டுபோனால், 4 கடிகாரச் சுழற்சி எடுத்த எல்டிஏ (மதிப்பைப் படிக்கும் கட்டளை) 3இல் முடிகிறது. &70 என்ற ஹெக்ஸ் முகவரி முதல் அந்தப் பக்கத்தில் 32 பைட் நமக்கே ஒதுக்கப்பட்டவை. பெரம்பூர் நண்பர்களிடம் இதையே முதலில் செய்யச் சொல்வேன்.