குறிகட்டுவான் – நெடுந்தீவுப் படகுச் சேவை: ஒரு மதிப்பீடு

இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்குச் செல்லும் படகைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளுள் பெரும்பாலானவை, அங்குள்ள காட்டுக் குதிரைகளையும் பெருக்கு (பாவோபாப்) மரத்தையும் பார்த்துவிட்டு அன்றே திரும்பியவர்கள் எழுதியவை. அங்கே வாழும் சில ஆயிரம் பேருக்கோ அந்தப் படகுதான் வீதி, பேருந்து, அவசரத்துக்கு நோயாளர் வண்டி எல்லாமே. ஆகவே அவர்களுடைய தேவையை முன்வைத்தே இச்சேவையை மதிப்பிட விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து 776ஆம் இலக்கப் பேருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து நிற்கிறது. அதற்கப்பால் நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறை வரை ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். குமுதினி, வடதாரகை, அவுஸ்திரேலிய உதவியுடன் 2017இல் வந்து சேர்ந்த நெடுந்தாரகை ஆகியவை இத்தடத்தில் அறியப்பட்ட பெயர்கள். குமுதினி என்ற பெயரை இங்குள்ளவர்கள் வெறும் படகின் பெயராகக் கேட்பதில்லை. 1985 மே 15 அன்று அதில் பயணம் செய்தவர்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னரும் அந்தப் படகு பல ஆண்டுகள் இதே தடத்தில் ஓடியது, ஏனெனில் தீவாருக்கு வேறு வழி இருக்கவில்லை.

படகு ஊழியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரிசி மூட்டை, எரிவாயுக் கொள்கலன், சைக்கிள், சீமெந்துப் பை என்று வருவதையெல்லாம் அலையில் ஆடும் விளிம்பைத் தாண்டி வாங்கி அடுக்கி, நடுவே ஒரு மூதாட்டியின் கையைப் பிடித்து இறக்கி, கட்டிய கயிற்றையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ளும் அவர்களின் கைப்பழக்கம் வியப்புக்குரியது. ஆனால் நான் ஏறிய ஒரு படகில் கீழ்த்தட்டு இயந்திர வெக்கையாலும் டீசல் மணத்தாலும் நிறைந்திருந்தது. உயிர்காப்பு அங்கிகள் பொதிகளுக்குப் பின்னால் அடுக்கப்பட்டிருந்தன. அவசரத்தில் அவற்றை யார் எடுப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

பெரிய குறை நேரம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் வந்துபோகும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் திரும்பும் படகைப் பிடிக்கவேண்டியிருப்பதால், பாடசாலையும் அலுவலகமும் படகின் மணிக்கூட்டுக்கே கட்டுப்படுகின்றன. சோழகக் காற்று பலத்தாலோ, கார்த்திகை மார்கழியில் கடல் கொந்தளித்தாலோ பயணமே நின்றுபோகிறது. காலநிலைக்கு எவரும் பொறுப்பாக முடியாது. எனினும் படகு ஓடாது என்ற செய்தி, பேருந்தில் ஏறி இறங்குதுறை வரை வந்தபின் தெரியவருவதைத் தவிர்த்திருக்கலாம்.

இதே இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குச் செல்பவருக்கு இந்தக் கவலை குறைவு. நாகபூசணி அம்மன் கோவிலுக்கும் நாக விகாரைக்கும் வரும் அடியார்களால் அங்கே படகுகள் அடிக்கடி ஓடுகின்றன, பயணமும் கால் மணி நேரத்தளவில் முடிகிறது. மறுபுறம், நெடுந்தீவைவிடக் குடாநாட்டுக்குக் கிட்ட இருக்கும் எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் யாத்திரிகர் கூட்டம் இல்லை. வரைபடத்தில் அருகில் இருப்பதால் மட்டும் அத்தீவார் வைத்தியசாலைக்கு விரைவில் வந்துவிட முடிவதில்லை. ஒரு தீவின் ஒதுக்குப்புறத்தன்மையைக் கடல்மைலால் அளப்பதை விட, அங்கிருந்து புறப்படும் கடைசிப் படகின் நேரத்தால் அளப்பதே சரி என்று நினைக்கிறேன். அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய, காற்று மின்திட்டத்துக்கான ஒப்பந்தம் 2024இல் இந்திய நிதியுதவியுடன் கைச்சாத்தானது நல்ல செய்திதான். படகுக்கும் அப்படி ஒரு கவனம் கிடைத்திருக்கலாம்.

ஐந்துக்கு மூன்று புள்ளிகள் கொடுக்கிறேன், மூன்றும் ஊழியர்களுக்கானவை. சுற்றிப்பார்க்கச் செல்பவர்கள் விடுமுறை நாட்களில் கூட்டமாகப் போவதானால் தனியார் படகொன்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்வது நல்லது. பொதுப்படகில் நீங்கள் பிடிக்கும் இருக்கை, மருந்தெடுக்கப் பட்டணம் வந்து வீடு திரும்பும் ஒருவருக்கு உரியதாக இருக்கக்கூடும். பின்னேரப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கியவுடனேயே மாவிலித்துறையில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.