பழைய நீலகிரி வகைப் போர்க்கப்பல்கள்: இன்ஜின் அறைப் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

விஜயநாராயணத்தில் கட்டபொம்மன் தளம் இருப்பதால் திருநெல்வேலிப் பக்கத்துக்குக் கடற்படை புதிதல்ல. 2025 ஜனவரியில் புதிய நீலகிரி சேவைக்கு வந்தபின், அதே பெயரில் ஓடிய பழைய கப்பல் எப்படி என்று படையில் சேரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கப்பலின் உடல் நல்ல உறுதி. தலைவலி பெரும்பாலும் பாய்லர் தண்ணீரால்தான்.

பிரிட்டனின் லியாண்டர் வடிவமைப்பில் மும்பை மசகான் தளம் கட்டியவை ஆறு: நீலகிரி (1972), ஹிம்கிரி (1974), உதயகிரி (1976), துனகிரி (1977), தாராகிரி (1980), விந்தியகிரி (1981). கடைசி இரண்டும் சீ கிங் ஹெலிகாப்டருக்காக மாற்றிக் கட்டியவை. நீர்மூழ்கி வேட்டைக்கு அவைதான் உருப்படி.

இவை ஸ்டீம் கப்பல்கள்: பாய்லரில் தண்ணீர் காய்ந்து வரும் நீராவி டர்பைனைச் சுற்றும். இரண்டு பாய்லர், 30,000 குதிரைத்திறன். நீராவிக்குச் சதுர அங்குலத்துக்கு 550 பவுண்டு அழுத்தம், 850 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு. ராதாபுரம் பக்கத்து உப்புத்தண்ணீரைக் காய்ச்சினால் பானையில் வெள்ளையாகப் படியுமே, அது பாய்லர் குழாய்க்குள் படிந்தால் சூடு தண்ணீருக்கு இறங்காது. குழாய் வீங்கி வெடிக்கும்.

உப்பு நுழையும் வழி பெரும்பாலும் கன்டென்சர், அதாவது டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் கடல்நீர்க் குழாய்களால் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்கும் கலன். உள்ளே வெற்றிடம், கடல்நீர்க் குழாயில் ஊசித்துளை விழுந்தாலே போதும், கடலை உறிஞ்சிவிடும். தண்ணீரின் உப்பைக் காட்டும் சாலினோமீட்டர் ஏறினால் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்க்க வேண்டும். பால் போலக் கலங்கினால் அந்தத் தண்ணீரைப் பாய்லருக்கு விடாமல் கழித்து, கன்டென்சரை நிறுத்தி, கசியும் குழாயின் இரு முனையிலும் ஆப்பு அடிக்க வேண்டும். அதுவரை மற்றொரு புரொப்பல்லர் தண்டில் கப்பலை ஓட்டலாம். நன்னீர் தட்டினால் முதல் பங்கு பாய்லருக்கு, குளியல் அப்புறம்தான்.

ஸ்டீமை அவசரமாக ஏற்றினால் உலைச் செங்கல் விரிந்து உதிரும். நிறுத்திய டர்பைனைச் சூட்டோடு அசையாமல் விட்டால் ரோட்டார் (உள்ளே சுழலும் தண்டு) வளையும். டர்பைனை மெல்லத் திருப்பும் டர்னிங் கியரில் சுற்றியே ஆற வைக்க வேண்டும். இந்த இரண்டிலும் குறுக்குவழி பார்த்த கப்பல் பட்டறையை விட்டு நகராது.

நீலகிரி 1996இல் ஓய்வு பெற்று, மறு ஆண்டு ஏவுகணைப் பயிற்சிக்கு இலக்காகி மூழ்கியது. 2011இல் விந்தியகிரி மும்பையில் சரக்குக் கப்பலோடு மோதித் தீப்பிடித்து அமிழ்ந்தது. தாராகிரி 2013 வரை ஓடியது. ஸ்டீம் கப்பலுக்கு அது நீண்ட ஆயுள்.

புதிய நீலகிரியில் பாய்லர் இல்லை, டீசலும் கேஸ் டர்பைனும்தான். அதில் உப்பு காற்று வழியாக வரும்: காற்று உள்ளே வரும் இன்டேக் ஃபில்டரையும், அந்தக் காற்றை அழுத்தும் கம்ப்ரசரை நன்னீரால் கழுவும் முறையையும் முதலில் படித்துக்கொள்ளுங்கள்.