கிரேட் சர்க்கிள் மேப்பர்: தூரத்துக்கு நம்பலாம், நேரத்துக்கு நாம்தான் கூட்ட வேண்டும்

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் துபாய்க்கோ மலேசியாவுக்கோ சபர் (பயணம்) போகாத வீடு குறைவு. விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று பார்க்க இணையத்தில் பல கணிப்பான்கள் உண்டு. அவற்றில் கிரேட் சர்க்கிள் மேப்பர்தான் எங்கள் முதல் தேர்வு. இலவசம், பதிவு செய்ய வேண்டியதில்லை.

இரண்டு நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீட்டையும் நடுவில் ஒரு சிறுகோடு போட்டுத் தட்டினால் போதும். தவறு நடப்பது இங்கேதான். மதுரைக்குக் குறியீடு ஐ.எக்ஸ்.எம். பெயரைப் பார்த்து எம்.டி.யு. என்று அடித்தால் வரைபடத்தில் பாதைக் கோடு பாப்புவா நியூ கினியின் மெண்டிக்குப் போய்விடும். துபாய் தூரம் பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். திருச்சிக்கு டி.ஆர்.இசட்.

அடுத்தது அலகு. மாற்றாமல் விட்டால் விடை மைலில் வரும். மதுரை–துபாய் சுமார் 2,950 கி.மீ.; அதுவே 1,833 மைல், 1,593 கடல் மைல். மூன்றும் ஒரே தூரம்தான். கடல் மைலைச் சாதாரண மைல் என்று எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 390 கி.மீ. குறைந்துபோகும். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் சுமார் 2,690, சிங்கப்பூர் 2,980 கி.மீ.

தூரக் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரத்துக்கு மட்டும் இதை நம்பிவிடக் கூடாது. வேகத்தைக் கொடுத்தால் தூரத்தை அதால் வகுத்துச் சொல்லும், அவ்வளவுதான். மணிக்கு 850 கி.மீ. வைத்தால் துபாய்க்கு 3 மணி 28 நிமிடம் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் சுற்றுவது எல்லாவற்றுக்கும் 40 நிமிடம் கூட்டுங்கள்: ஏறக்குறைய 4 மணி 10 நிமிடம். காற்றும் கணக்கை மாற்றும். குளிர்காலத்தில் வளைகுடாப் பக்கம் மேலே மேற்குக் காற்று பலமாக வீசும். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது தள்ளிவிடும். ஆடி மாதத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்குக் காற்று. அதனால் "திரும்பி வருவது எப்போதும் சீக்கிரம்" என்று எழுதிவைத்துக்கொள்ள முடியாது.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். பகல் 12.00-க்குக் கிளம்பி 2.40-க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் பறப்பது 2 மணி 40 நிமிடமில்லை, 4 மணி 10 நிமிடம். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே போகும்போது டிக்கெட் நேரத்தில் அதைக் கழிக்க வேண்டும்.

இந்தக் கணிப்பான் காட்டாத பாதி தரையில் இருக்கிறது. கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை வழியாக விரகனூர் வந்து, ரிங் ரோட்டில் திரும்பி விமான நிலையம் சேர இரண்டரை முதல் மூன்று மணி நேரம். உள்ளே மூன்று மணி நேரம், இறங்கியபின் குடிநுழைவுக்கும் பெட்டிக்கும் ஒரு மணி நேரம். வீட்டு வாசலிலிருந்து துபாய் வாசல்வரை பதினொரு மணி நேரம் வைத்துக்கொண்டு, அழைக்க வருபவரிடம் அதைச் சொல்லுங்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது மாற்று வழியை ஒப்பிடும் வசதி. மதுரை, கொழும்பு, துபாய் மூன்றையும் சிறுகோட்டால் இணைத்தால் மொத்தம் 3,640 கி.மீ. என்று வரும், நேர்வழியைவிட சுமார் 690 கி.மீ. கூடுதல். அந்தத் தூரம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். டிக்கெட் விலையோடு வைத்துப் பார்க்க வேண்டியது கொழும்பில் காத்திருக்கும் நேரத்தை.