மாமாவின் சுகர் மிஷினும் பெட்டியில் இருக்கும் பொடி எழுத்தும்

குளுக்கோமீட்டர் விமர்சனம் என்றால் திரை பெரிசா, போனோடு இணையுமா என்றுதான் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அதெல்லாம் அப்புறம். மாமனாருக்குச் சுகரோடு சிறுநீரகமும் போய்விட்டது. காட்பாடி வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்கிறோம். ராத்திரி முழுக்க வயிற்றில் நிற்கும் திரவத்தில் இருப்பது ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து வகை. அது உடம்பில் உடைந்து, மால்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரையாக ரத்தத்தில் சேரும். சில ஸ்ட்ரிப்கள் அந்த மால்டோஸையும் குளுக்கோஸ் கணக்கில் சேர்த்துவிடும்.

சுகரை அளப்பது மிஷின் இல்லை, ஸ்ட்ரிப்பில் காய வைத்திருக்கும் என்சைம். குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரானை அது பிடுங்கிக் கொடுக்கிறது. வரும் மின்னோட்டத்தை மிஷின் எண்ணாக்குகிறது, அவ்வளவுதான். 1962-இல் கிளார்க்கும் லயன்ஸும் முன்வைத்த என்சைம் மின்முனையில் இருந்தது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். குளுக்கோஸை அடையாளம் காண்பதில் அது கெட்டி. ஆனால் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனும் எலக்ட்ரானில் பங்கு கேட்கும் என்பதால், ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளிக்கு எண் குறைந்து வரலாம். ஆக்சிஜன் தொல்லை இல்லாதது ஜிடிஎச் என்ற இன்னொரு என்சைம். என்சைமோடு ஒட்டியிருக்கும் துணை மூலக்கூறை வைத்து அதில் வகை பிரிக்கிறார்கள், பிக்யூக்யூ வகைக்குத்தான் மால்டோஸ் குழப்பம். இல்லாத சுகருக்கு இன்சுலின் போட்டு, 1997 முதல் 2009 வரை 13 பேர் இறந்ததாகத் தகவல் வந்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. பிறகு அந்தப் புரதத்தின் சில அமினோ அமிலங்களை மாற்றி, மால்டோஸை அவ்வளவாகச் சட்டை செய்யாத வகைகளைச் செய்தார்கள். பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுப்பவள் நான். என்சைம் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

நாங்கள் வாங்கியது எஃப்ஏடி-ஜிடிஎச் வகை. பூஞ்சையிலிருந்து வரும் என்சைம். ஆக்சிஜனும் மால்டோஸும் பாதிக்காது, சைலோஸ் என்ற வேறொரு சர்க்கரை மட்டும் ஏமாற்றும். ஆஸ்பத்திரி எதிரே ஒரு மருந்துக் கடையில் "மால்டோஸ் பாதிக்காததா?" என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான் மேடம், இது நல்லா போகுது" என்றார் கடைக்காரர். ஸ்ட்ரிப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளை அங்கேயே விரித்துப் படித்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். கம்பெனி பெயரை எழுதவில்லை. ஒரே கம்பெனியே மாடலுக்கு மாடல் என்சைமை மாற்றுகிறது.

அளவு எப்படி? வெறும் வயிற்றில் லேபுக்கு ரத்தம் கொடுத்த கையோடு விரலிலும் குத்திப் பார்த்தோம். லேப் 124, மிஷின் 132. சுகர் மிஷினுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197 விதிப்படி 100-க்கு மேல் 15 சதவீத வித்தியாசம் வரை ஏற்கலாம், ஆகவே சரி. மாமாவுக்கு ரத்தசோகையும் உண்டு. சிவப்பணு குறைந்தால் பல மிஷின்களில் எண் ஏறித் தெரியும். எங்கள் தாளில் ஹெமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, 20 முதல் 60 சதவீதம் வரை போட்டிருக்கிறது, அவருடையது அதற்குள் வருகிறது.

வேலூர் வெயிலுக்கு ஒரு வார்த்தை. ஸ்ட்ரிப் டப்பாவில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் சமையலறை அதை எப்போதோ தாண்டிவிடும். பிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், டப்பாவை இறுக மூடி வைக்கிறோம். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் என்சைம் விரலில் ஒட்டிய சர்க்கரையையும் நேர்மையாக எண்ணிவிடும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

ஐம்பது ஸ்ட்ரிப் பெட்டி ஆயிரத்தை ஒட்டி வருகிறது. தினம் இரண்டு வேளை பார்ப்பவருக்கு ஒரு பெட்டி மாசக் கடைசி வரை தாங்காது. மிஷின் விலையில் தள்ளுபடி கொடுத்து ஸ்ட்ரிப்பில் பிடித்துக்கொள்கிறார்கள். இன்னொரு குறை, ஸ்ட்ரிப் அவ்வளவு பொடிசு. விரல் மரத்துப்போன மாமாவால் ஒன்றைத் தனியாக எடுத்துச் செருக முடியவில்லை. "இதை உருவறதுக்குள்ள சுகர் இறங்கிடும்மா" என்கிறார். அதற்காக ஒரு ஸ்டார் குறைத்து, ஐந்துக்கு நாலு.