தெருமுனைக் குப்பையை யாரிடம் சொல்வது? நம்ம சென்னை ஆப்பா, 1913-ஆ, தெரு வாட்ஸ்அப் குழுவா?

எங்கள் தெருமுனையில், மின்பெட்டிக்குக் கீழே, போன மழைக்காலத்தில் யாரோ ஒரு மெத்தையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் மெத்தை மட்டும் கிடந்தது. மூன்றாம் நாள் அதன்மேல் நாலைந்து கேரி பேக், இளநீர் மட்டை, ஒரு உடைந்த மீன்தொட்டி. ஒரு வாரம் போனதும் அந்த மூலைக்குப் பெயரே மாறிவிட்டது, "குப்பை போடுற இடம்" என்று. மீன்தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கூட வேன் நிற்கும் இடம்.

இப்படி ஒன்றைப் பார்த்ததும் நம் கை தானாகப் போனை எடுக்கிறது. எடுத்து எதைத் திறப்பது? சென்னையில் இன்றைக்கு வழிக்குப் பஞ்சமில்லை. மாநகராட்சியின் 1913 எண் இருக்கிறது, நம்ம சென்னை ஆப் இருக்கிறது, மத்திய அரசின் ஸ்வச்சதா ஆப் இருக்கிறது, எக்ஸ் தளம் இருக்கிறது, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வி வைத்துப் பார்க்கிறேன். குப்பை சீக்கிரம் போகிறதா? போன குப்பை திரும்ப வராமல் இருக்கிறதா? முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் வழிகள் நிறைய. இரண்டாவதுக்குத்தான் ஆள் குறைவு.

1913-இல் தொடங்குவோம். நான்கே எண், எந்தப் போனிலும் அடிக்கலாம், டேட்டா வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டாம். எதிர்முனையில் ஒரு மனிதர் பேசுகிறார் என்பதே வயதானவர்களுக்குப் பெரிய விஷயம். ஆனால் இடத்தைச் சொல்லிப் புரியவைப்பது நம் பொறுப்பு. சென்னை மாநகராட்சி 2011-இல் விரிந்தபோது 15 மண்டலம், 200 வார்டு, 426 சதுர கிலோமீட்டர் என்று ஆகிவிட்டது. பிள்ளையார் கோயில் தெரு என்று சொன்னால் எத்தனை பிள்ளையார் கோயில் தெரு! அதனால் கூப்பிடும் முன் வார்டு எண், தெருவின் முழுப்பெயர், பக்கத்துக் கடையின் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

இன்னொன்று. 1913 சென்னை மாநகராட்சிக்கு மட்டும்தான். பம்மல், குரோம்பேட்டைப் பக்கம் 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குப் போய்விட்டது. கிடப்பது குப்பையாக இல்லாமல் பொங்கி வழியும் சாக்கடையாக இருந்தால் அது குடிநீர் வாரியத்தின் வேலை, எண் 1916. இடம் மாறிச் சொன்ன புகார் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நம்ம சென்னை ஆப்பில் இந்த இடச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. படம் எடுக்கிறோம், வரைபடத்தில் இடத்தைக் குறிக்கிறோம், என்ன வகைப் புகார் என்று தேர்ந்தெடுக்கிறோம், எண் வருகிறது. இதில் கவனம் வேண்டியது வகையில்தான். செங்கல், சிமென்ட், உடைந்த டைல்ஸ் கிடந்தால் அது கட்டடக் கழிவு. அதை அள்ள வருகிற வண்டி வேறு. அதைப் பொதுவாகக் "குப்பை" என்று பதிந்தால், வருகிற ஆள் பார்த்துவிட்டு அது தன் வேலை இல்லை என்று போவதற்கு வாய்ப்பு அதிகம். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பதியலாம் என்று விடவும் கூடாது. குப்பை கிடக்கும் இடத்திலேயே நின்று பதியுங்கள், இடக்குறி சரியாக விழும்.

ஸ்வச்சதா ஆப் 2016-இல் வந்தது. தூய்மை இந்தியா இயக்கத்தின் கீழ், பெங்களூரின் ஜனாக்ரஹா அமைப்போடு சேர்ந்து மத்திய நகர்ப்புற அமைச்சகம் கொண்டுவந்தது. மதுரையில் இருந்தாலும் சேலத்தில் இருந்தாலும் இதே ஆப்தான் என்பது இதன் பலம். அதைவிட எனக்குப் பிடித்தது, ஒருவர் பதிந்த புகாருக்கு இன்னொருவரும் ஆதரவு தரலாம் என்ற ஏற்பாடு. தனியாள் முணுமுணுப்பு அங்கே தெருவின் குரலாக ஆக முடிகிறது. ஆனால் இதன் பிறப்போடு ஒரு பிரச்சினையும் சேர்ந்தே வந்தது. நகரங்களைத் தரவரிசைப்படுத்தும் ஸ்வச் சர்வேக்ஷண் கணக்கெடுப்பில், ஆரம்ப ஆண்டுகளில் எத்தனை பேர் ஆப்பை இறக்கியிருக்கிறார்கள் என்பதற்கும் மதிப்பெண் இருந்தது. விளைவாக, பல ஊர்களில் ஆப்பை இறக்க வைப்பதே ஒரு வேலையாகிவிட்டது. இறக்கியவர்கள் அடுத்த நாள் திறந்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. மக்களைச் சேர்ப்பது என்றால் அவர்களின் போனில் ஒரு ஆப் கூடுவது என்று அர்த்தமாகக் கூடாது.

புகார் ஆப்களைப் பற்றி மக்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. வேலை முடியும் முன்பே "தீர்க்கப்பட்டது" என்று வந்துவிடுகிறது. இது யாரோ ஒரு ஊழியரின் குற்றம் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. புகாரை முடித்து வைக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. பிரிட்டனில் மைசொசைட்டி என்ற அமைப்பு 2007-இல் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற தளத்தைத் தொடங்கியது. அதில் ஒருவர் புகார் பதிந்தால் உள்ளூர் நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் போகும். கூடவே, வரைபடத்தில் அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நான்கு வாரம் கழித்துப் புகார் கொடுத்தவரிடமே தளம் திரும்பிக் கேட்கும், சரியாகிவிட்டதா என்று. பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை, ஒரு கேள்விதான். நம் ஊர் ஆப்கள் அனைத்திலும் புகாரை மூடும் பொத்தான் குடிமக்களின் கையில் இருக்க வேண்டும். நான் கேட்பது இந்த ஒரே மாற்றம்தான்.

எக்ஸ் தளத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. படத்தைப் போட்டு மாநகராட்சியின் கணக்கைக் குறிப்பிட்டால் சில நேரம் வேகமாக வேலை நடக்கிறது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற அழுத்தம் அது. ஆனால் அங்கே குரல் உள்ளவர்கள் யார்? அடையாறின் ஒரு தெருவுக்கு எக்ஸில் எழுத ஐம்பது பேர் இருப்பார்கள், வியாசர்பாடியின் ஒரு சந்துக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள். கத்துகிற தெருவுக்கு வண்டி முதலில் போனால், கத்தத் தெரியாத தெருவின் முறை தள்ளிப்போகிறது. அவசரம் என்றால் மட்டும் பயன்படுத்துங்கள், அதுவும் புகார் எண்ணோடு.

சரி, இவை நான்கும் முதல் கேள்விக்குப் பதில் சொல்பவை. ஆப்பில் பதிந்து மெத்தை போய்விட்டது என்றே வையுங்கள். மெத்தையைப் போட்டவருக்கு அது தெரியுமா? தெரியாது. பார்த்தும் பேசாமல் கடந்து போன எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியுமா? அவருக்கும் தெரியாது. புகார் கொடுத்தவருக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலேயே எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. அந்த மூலை மறுநாளே அடுத்த பையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

இங்கேதான் தெரு வாட்ஸ்அப் குழு. குட் மார்னிங் படம், யாருக்காவது வேலைக்கு ஆள் வேண்டுமா, தண்ணீர் லாரி வந்ததா என்று போய்க்கொண்டிருக்கும் குழுதான். எங்கள் குழுவில் முதலில் நடந்தது சண்டை. ஒருவர் மூலையின் படத்தைப் போட்டு "யார் இந்த வேலை பார்த்தது?" என்று எழுதினார். ஒரு மணி நேரத்தில் வாடகை வீடு, சொந்த வீடு என்று பிரிந்து வார்த்தை தடித்தது. இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். மெத்தை அசையவில்லை.

அப்புறம் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் குரல்பதிவு ஒன்று போட்டார். யார் போட்டது என்று அவர் கேட்கவே இல்லை. பழைய மெத்தை, சோபா, கட்டிலை முன்கூட்டிப் பதிந்தால் சனிக்கிழமையில் மாநகராட்சியே வந்து எடுத்துப்போகும், 2025 அக்டோபரில் இருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது, ஆப்பிலோ 1913-இலோ மாநகராட்சியின் வாட்ஸ்அப் எண்ணிலோ பதியலாம் என்று சொன்னார். இதைப் பதியத் தெரியாதவர்கள் தன் வீட்டுக்கு வந்தால் தானே பதிந்து தருவதாகவும் சொன்னார். அன்று சாயங்காலம் மூன்று பேர் போனார்கள். மெத்தையைப் போட்டவர் அந்த மூவரில் ஒருவரா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அந்த மூலையில் அதற்குப் பிறகு மெத்தை விழவில்லை.

குழு செய்கிற இரண்டாவது வேலை தரம் பிரிப்பது. திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டில் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்கின்றன. சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. பிரிக்காமல் போனதெல்லாம் பல காலமாகப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாகக் குவிந்தது. அந்த மலைகளைத் தோண்டிப் பிரித்தெடுக்க இப்போது கோடிக்கணக்கில் செலவாகிறது. அன்றன்றைக்கு வீட்டிலேயே பிரித்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை அது. எந்தப் புகார் ஆப்பும் நம் சமையலறைக்குள் வர முடியாது. பக்கத்து வீட்டு அக்கா வர முடியும். "நாப்கினை பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தனியாகக் கொடுங்கப்பா, குப்பை எடுக்கிறவங்க வெறுங்கையால பிரிக்கிறாங்க" என்று எங்கள் குழுவில் ஒருவர் எழுதினார். எந்த அறிவிப்புப் பலகையும் செய்யாததை அந்த ஒரு வரி செய்தது.

குழுவின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளாவிட்டால் குழு வெறும் சத்தம். நிர்வாகம் அங்கே இல்லை, அதனால் லாரி தானாக வராது. குப்பை போடுகிறவரை ரகசியமாகப் படம் பிடித்துப் போடும் பழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்படி மாட்டுகிறவர் பெரும்பாலும் வீட்டுவேலைக்கு வருகிற அம்மாவாகத்தான் இருப்பார், பையைக் கொடுத்து அனுப்பிய வீட்டுக்காரர் படத்தில் இருக்க மாட்டார்.

இந்த ஒப்பீட்டில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒருவர் தூய்மைப் பணியாளர். ஆப்பில் நாம் தட்டுகிற புகார், கடைசியில் அவருக்கு ஒரு உத்தரவாகத்தான் போய்ச் சேர்கிறது. வண்டியில் இடமில்லை, இன்றைக்கு ஆள் குறைவு, இந்தத் தெருவில் யாருமே பிரித்துத் தருவதில்லை என்று அவர் சொல்ல நினைப்பதைச் சொல்ல ஆப்பில் இடம் எங்கே? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாட்களில்தான் பல தெருக்களுக்குத் தங்கள் குப்பையை எடுப்பவர் யார் என்றே தெரிந்தது. எங்கள் தெருவுக்கு வரும் அக்காவைக் குழுவில் சேர்க்கலாமா என்று கேட்டோம். "வேணாம்ப்பா, ராத்திரி பதினோரு மணிக்கும் மெசேஜ் வரும்" என்றார். நியாயம்தானே. டீச்சர் மட்டும் காலையில் அவரிடம் பேசுவார், அவர் சொன்னதைக் குழுவில் போடுவார்.

ஒரே நாளில் ஊரையே கூட்டும் வழியும் உண்டு. எஸ்தோனியாவில் 2008 மே 3 அன்று 50,000 பேர் இறங்கி, காடுகளிலும் சாலையோரங்களிலும் கொட்டிக் கிடந்த சுமார் 10,000 டன் குப்பையை அள்ளினார்கள். அதற்கு முன்பே தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான இடங்களைப் போனில் படம்பிடித்து டிஜிட்டல் வரைபடத்தில் குறித்திருந்தார்கள். எனக்கு அந்தச் செய்தி இன்னும் சிலிர்ப்பைத் தருகிறது. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குப்பைக்கான வழி. தினம் காலையில் சேர்வதற்கு உதவாது. தினசரிக்கு இந்தூரைத்தான் பார்க்க வேண்டும். 2017 முதல் 2023 வரை அந்த ஊர் தூய்மைக் கணக்கெடுப்பில் முதலிடத்தை விடவில்லை. அங்கேயும் 311 என்று ஒரு ஆப் இருக்கிறது. ஆனால் பெரிய வேலையைச் செய்தது வீடுவீடாக வருகிற வண்டியும், பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கண்டிப்பும்தான். வண்டி ஒழுங்காக வருகிற ஊரில், அது வராத ஒரு நாளைச் சொல்ல ஆப் உதவுகிறது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? என் பதில், புகாரை நம்ம சென்னை ஆப்பில் பதியுங்கள், ஸ்மார்ட்போன் இல்லாவிட்டால் 1913. வேறு ஊராக இருந்தால் ஸ்வச்சதா. வந்த எண்ணை உடனே தெருக் குழுவில் போடுங்கள். அதைச் செய்யும்போது "தீர்க்கப்பட்டது" என்பதைச் சரிபார்க்க இருபது கண் கிடைக்கிறது. ஒரே இடத்துக்கு மாதத்தில் மூன்றாவது முறை புகார் போகிறது என்றால், பிரச்சினை அள்ளுவதில் இல்லை, கொட்டுவதில். அங்கே ஆப்பை மூடிவிட்டு அக்கம்பக்கத்தில் பேச வேண்டும்.

எங்கள் தெருவில் இன்னும் சரியாகாதது ஒன்று உண்டு. தையல்கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர், மாடியில் தங்கியிருக்கும் வடமாநிலத் தம்பிகள், இவர்கள் யாரும் குழுவில் இல்லை. காலையில் வண்டி எப்போது வரும் என்று தெரியாததால் பையை மூலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். அதனால் டீக்கடைக்காரரிடம் கேட்டு, அவர் விலைப்பட்டியல் பலகையின் கீழே சாக்பீஸால் எழுதினோம். குப்பை வண்டி காலை 6.50. பச்சைத் தொட்டி ஒன்றும் நீலத் தொட்டி ஒன்றும் படமாக. கீழே இந்தியில் அதே வரி, அந்தத் தம்பிகளில் ஒருவரே எழுதிக் கொடுத்தது.