உயர்தர டிவிடி பிளேயரைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் நல்ல டிவிடி பிளேயரை இன்னும் வீட்டில் வைத்துப் பேணி வருபவர்கள், அதை எந்தக் கடையிலும் பழுதுபார்க்க ஒப்படைக்கும் முன் இந்தப் பதிவை முழுவதும் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பழுது சரியாகாமல் திரும்பி வந்திருந்தால், கொடுத்த பணத்தோடு போகட்டும் என்று விட்டிருப்பேன். நல்ல நிலையில் இருந்த அசல் பாகங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வேறு ஏதோ ஓடித் தேய்ந்த இயந்திரத்தின் பாகங்களை உள்ளே வைத்து, அதற்குப் ‘புது லென்ஸ்’ என்று பெயரிட்டு என்னிடமே பணமும் வாங்கியிருக்கிறார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. கோவையில் காந்திபுரத்தை ஒட்டிய பகுதியில், பழைய ஆடியோ சாதனங்களுக்கென்றே பலகை வைத்து நடத்தப்படும் கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் மைத்துனர் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது 2004-இல் வாங்கி வந்த பிளேயர் அது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் மேல்தட்டு மாடல். எடை 15 கிலோவுக்கு மேல். ஒரே ஆளாகத் தூக்கி வைப்பது சிரமம். படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனி மின்மாற்றி, செம்பு முலாம் பூசிய அடிச்சட்டம், டிவிடியோடு, சிடியைவிட உயர்தர ஒலி கொண்ட எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ தட்டுகளையும் வாசிக்கும் வசதி என்று, அந்தக் காலத்தில் ஒரு பிளேயருக்குள் வைக்கக்கூடிய அனைத்தையும் வைத்துச் செய்திருந்தார்கள். திரைப்பட டிவிடிகளுக்கு உலகை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்துத் தட்டு வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி செய்திருக்கிறார்கள். சிங்கப்பூர் டிவிடி மண்டலம் 3-இல் வருகிறது, இந்தியா மண்டலம் 5-இல் வருகிறது. ஆகவே வாங்கிய கடையிலேயே எல்லா மண்டலத் தட்டுகளும் ஓடும்படி மாற்றித் தந்திருந்தார்கள். இந்த விவரம் பின்னால் முக்கியமாகிறது.

இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைத்த பிளேயர்கள் இருக்க இதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் தங்கையின் திருமணப் பதிவு 2006-இல் கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு ஸ்டுடியோ கணினியில் எழுதித் தந்த டிவிடி-ஆர் தட்டுகளில் இருக்கிறது. கொங்குத் திருமணங்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் செய்த சீர்கள் ஒன்றுவிடாமல் அதில் உண்டு. அங்கே பாடப்பட்ட மங்கல வாழ்த்துப் பாடல் முழுவதும் உண்டு. அதைப் பாடியவரும் இன்று இல்லை, முன்னால் நின்று கேட்ட எங்கள் பெரியவர்களில் பலரும் இல்லை. இவ்வாறு எழுதப்பட்ட தட்டுகள் அச்சடித்த தட்டுகளைவிடக் குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்புபவை. அவற்றின் சாயமும் ஆண்டுகள் போகப் போக மங்கும். மலிவான பிளேயர்கள் அவற்றைத் தொடங்கும்போதே திணறுகின்றன. இந்த இயந்திரம் கடைசி வரை தடையின்றி வாசித்தது.

சென்ற ஆண்டு அதில் ஒரு குறை தலைகாட்டியது. சிடி போட்டால் ஒழுங்காகப் பாடும்; டிவிடி போட்டால் தட்டு இல்லை என்று காட்டும். சிடியை வாசிக்க 780 நானோமீட்டர் லேசரும், டிவிடியையும் எஸ்ஏசிடியையும் வாசிக்க 650 நானோமீட்டர் லேசரும் வேலை செய்கின்றன. சிடி ஓடி, மற்ற இரண்டும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் 650 லேசர் தளர்ந்துவிட்டது என்று பொருள். லேசரும் லென்ஸும் சேர்ந்த, நம் ஊரில் எல்லோரும் லென்ஸ் என்றே சொல்லும் பிக்கப் பகுதியை மட்டும் மாற்றினால் போதும். மற்றபடி பவர் சப்ளை, ஒலிப் போர்டு, மெயின் போர்டு, ட்ரே எல்லாம் பழுதின்றி இருந்தன. கடைக்குக் கொண்டுபோகும் முன் மேல்மூடியைத் திறந்து, லென்ஸில் ஒட்டியிருந்த எண், ஒவ்வொரு போர்டிலும் அச்சிட்டிருந்த எண், திருகாணிகள், கண்டன்சர்கள் (மின்தேக்கிகள்) எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டேன். இன்று என் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் அந்தப் படங்கள்தான்.

கடையில் இருந்த இளைஞர் மூடியைத் திறக்காமலே, “லென்ஸ் போயிருச்சுங்க சார். இந்த மாடலுக்கு வெளிநாட்டுல இருந்துதானுங்க வரவழைக்கோணும். பதினோராயிரம் ஆகுமுங்க” என்றார். என் கணிப்பும் அதுவே என்பதால் மறுப்பதற்கில்லை. 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். கழற்றும் பழைய லென்ஸ் எனக்குத் திரும்ப வேண்டும் என்றும், அதைப் பழுதுக்கு எடுத்துக்கொண்டதற்குக் கடை தரும் சீட்டான ஜாப் கார்டிலேயே எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டேன். முகம் கொஞ்சம் மாறினாலும் எழுதிக் கையெழுத்திட்டார்.

அதன்பின் வழக்கமான கதைகள். பாகம் சுங்கத்தில் நிற்கிறது என்றார்கள். வந்துவிட்டது, போர்டையும் சோதிக்க வேண்டும் என்றார்கள். மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். திருப்பித் தந்த அன்று நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. கடைக்காரர் ஒரு பாடல் தட்டைப் போட்டுச் சில நிமிடம் ஓட்டிக் காட்டிவிட்டு, “படம் எப்படி கண்ணாடியாட்டம் தெரியுது பாருங்க” என்றார். நான் கொண்டுபோயிருந்த இரட்டை அடுக்குத் தட்டைப் போட்டுப் பாதிப் படம் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றபோது, கடை மூடும் நேரமாகிவிட்டது என்று மறுத்துவிட்டார்.

ஏன் பாதிப் படம் வரை என்பதைச் சற்று விளக்க வேண்டும். டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்தை நோக்கி வாசிக்கப்படுகிறது. 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்குத் திரைப்படத் தட்டில், முதல் அடுக்கு வெளி ஓரத்தை எட்டியதும் லேசர் அங்கேயே இரண்டாம் அடுக்குக்குக் குவிமையத்தை மாற்றிக்கொண்டு, மறுபடி உள்நோக்கி வர வேண்டும். தட்டின் ஆட்டம் அதிகமாகத் தெரிவதும் வெளி ஓரத்தில்தான். ஆக, தளர்ந்த லென்ஸ் தன் குணத்தைக் காட்டுமிடம் படத்தின் நடுப்பகுதி. தொடக்கத்தில் சில நிமிடம் பாட்டு ஓட்டிக் காட்டுவதால் எதுவும் நிரூபணமாகாது. இது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயமும் அன்று.

வீட்டில் அன்றிரவே ஓட்டிப் பார்த்தேன். படம் சரியாக நடுவில் உறைந்து நின்றது. எஸ்ஏசிடி தட்டுகள் அவற்றில் கூடவே இருந்த சாதாரண சிடி அடுக்கில் மட்டும் ஓடின. இந்தியாவில் வாங்கிய மண்டலம் 5 தட்டு ஒன்றைப் போட்டபோது, இந்த மண்டலத்துக்கு உரியதன்று என்று திரையில் எழுத்து வந்தது. இத்தனை ஆண்டுகள் ஓடிய தட்டு அது. லென்ஸை மாற்றினால் மண்டல அமைப்பு மாற வேண்டிய அவசியமே இல்லை. அந்த அமைப்பு மெயின் போர்டைச் சார்ந்தது. அப்போதுதான் கை வைத்தது லென்ஸில் மட்டுமா என்ற ஐயம் உறுதியாக எழுந்தது.

மூடியின் திருகாணி ஒன்றின்மேல் ‘சீல் கிழிந்தால் வாரண்டி இல்லை’ என்ற வில்லையை ஒட்டியிருந்தார்கள். வாடிக்கையாளர் உள்ளே பார்க்காமல் தடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆகவே இன்ன தேதியில் ஈரோட்டில் ஒரு மெக்கானிக் முன்னிலையில் மூடியைத் திறக்கப்போகிறேன், விரும்பினால் உங்கள் ஆளும் வரலாம் என்று பதிவுத் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் கடைக்குத் தெரிவித்தேன். பதில் வரவில்லை. சீலைக் கிழித்தது முதல் எல்லாவற்றையும் வீடியோவாகப் பதிவு செய்தோம்.

அந்த மெக்கானிக் டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து இதே வேலையில் இருக்கும் பெரியவர். ஈரோட்டில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். மூடியைத் தூக்கியதும் திருகாணிகளைப் பார்த்தார். செம்பு நிறத் திருகாணிகள் இருந்த இடங்களில் பாதிக்குக் கறுப்புத் திருகாணிகள். தலைகள் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிச் சிதைந்திருந்தன. லென்ஸில் ஒட்டியிருந்த எண் என் படத்தில் இருந்த எண் அன்று. லென்ஸைத் தாங்கும் மெல்லிய கம்பிகளைச் சுற்றிச் சாம்பல் நிறத் தூசி அடையாகப் படிந்திருந்தது. புதிய பிக்கப் தொழிற்சாலையிலிருந்து வரும்போது, நிலைமின்சாரம் தாக்கி லேசர் கெடாமலிருக்க, அதன் ரிப்பனில் ஓரிடத்தில் ஈயப் பற்று வைத்து அனுப்புவார்கள். பொருத்தியபின் அதை எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தை உருப்பெருக்கியில் எனக்குக் காட்டி, “புதுசா இருந்தா இந்த எடம் பளபளன்னு இருக்கோணுமுங்க தம்பி. இது கறுத்துப் போய் வருசக்கணக்காச்சு. வேற மெஷின்ல ஓடி ஓஞ்ச லென்ஸை எடுத்து மாட்டியிருக்கறான்” என்றார். ரிப்பன் கேபிளிலும் பழைய மடிப்புத் தடம் ஒன்று, இந்தச் சட்டத்துக்குப் பொருந்தாத இடத்தில் தெரிந்தது.

ஒலிப் போர்டு இன்னும் வேதனையாக இருந்தது. அந்த மாடலின் ஒலிக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த பெரிய கண்டன்சர்கள் நின்ற இடத்தில், கடைவீதியில் கிடைக்கும் சிறிய பச்சைக் கண்டன்சர்களை வைத்து, ஈயம் வழிய வழியப் பற்ற வைத்திருந்தார்கள். மெயின் போர்டின் எண்ணும் வேறு. நான் ஒலிப் போர்டைத் தொடச் சொல்லவே இல்லை. ஜாப் கார்டில் அதைப் பற்றி ஓர் எழுத்தும் கிடையாது.

இதைச் செய்ய ஏன் துணிகிறார்கள் என்பது சந்தையைப் பார்த்தால் விளங்கும். உயர்தரப் பிளேயர்களைச் செய்த நிறுவனங்கள் பலவும் அந்தத் தொழிலை விட்டுவிட்டன. உயர்தரப் பிளேயர்களுக்குப் பெயர்பெற்ற ஒப்போ டிஜிட்டல் நிறுவனம்கூடப் புதிய பிளேயர்களை உருவாக்கப்போவதில்லை என்று 2018 ஏப்ரலில் அறிவித்தது. புதிய உதிரிபாகம் அரிதாகிப்போன நிலையில், நல்ல நிலையிலுள்ள போர்டும் கண்டன்சரும் தனியாகவே விலைபோகும் சரக்குகள் ஆகிவிட்டன. பழுதுக்கு வரும் இயந்திரத்தின் உரிமையாளர், பெரும்பாலும் வயதானவர், உள்ளே என்ன இருந்தது என்று அறியாதவர். முன்பக்கத்து விளக்கு எரிந்தால் மகிழ்ச்சியோடு எடுத்துப்போய்விடுவார் என்று கணக்குப் போடுகிறார்கள். பெரியவர்கள் ஆசையாகச் சேர்த்துவைத்த பொருளில் இப்படிக் கை வைப்பதைத் திருட்டு என்றுதான் நான் சொல்வேன்.

படங்களோடு கடைக்குப் போனேன். பழைய லென்ஸ் எங்கே என்று கேட்டதற்கு, சப்ளையர் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார் என்றார்கள். திருப்பித் தருவதாக எழுதிய ஜாப் கார்டைக் காட்டியதும், எழுதிய பையன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். போர்டு எண்ணைப் பற்றிக் கேட்டபோது கடைக்காரர் குரலை உயர்த்தி, “நீங்க வேற எங்கயோ குடுத்து மாத்திப்போட்டு எங்க மேல பழி போடறீங்க” என்றார். சீல் கிழிக்கும் முன்பிருந்தே வீடியோ இருக்கிறது என்றதும் பேச்சு அடங்கியது.

பில் விஷயமும் சொல்லியாக வேண்டும். பணம் கட்டியபோது, பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும் என்றார்கள். சேர்த்துக் கொடுத்து வாங்கினேன். அந்தப் பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை எண்ணிப் பார்த்தால் 14 எழுத்துகளே இருந்தன. ஜிஎஸ்டி எண் 15 எழுத்துகள் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவானது 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுச் சரிபார்க்கலாம். இந்த எண் அங்கே செல்லுபடியாகவில்லை. வரி என்று வாங்கிய தொகை எங்கே போனது என்பதையும் தனியே எழுதிக் கேட்டிருக்கிறேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். கடை பதில் தரவில்லை. பின்னர் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். கடை கோவையில் இருக்கிறதே, அலைய வேண்டுமே என்று பலர் இதைக் கைவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். பில் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடவடிக்கை என்று அந்தச் சட்டம் வகைப்படுத்துகிறது. ஆகையால் பில் இல்லை என்பதற்காகவும் பின்வாங்க வேண்டியதில்லை.

ஒப்படைக்கும் முன் உள்ளே படமெடுங்கள். லென்ஸ் எண்ணையும் போர்டு எண்களையும் ஜாப் கார்டில் எழுதவைத்துக் கையெழுத்து வாங்குங்கள். எண்களை எழுத மறுக்கும் கடையில், எத்தனை பேர் சிபாரிசு செய்திருந்தாலும், இயந்திரத்தை விட்டு வராதீர்கள். திரும்ப வாங்கும்போது உங்கள் சொந்த இரட்டை அடுக்குத் தட்டைப் படத்தின் நடுப்பகுதி தாண்டும் வரை அங்கேயே ஓட்டச் சொல்லுங்கள். வீட்டில் எழுதிய பழைய டிவிடி-ஆர் ஒன்றையும் உடன் கொண்டுபோங்கள். நேரமில்லை என்றால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு, மீதிப் பணத்தைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.

ஆணையத்திலிருந்து கடைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் தாக்கல் செய்ய அவர்களுக்கு 30 நாள்; ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். இயந்திரத்தைத் தகுதியான நிபுணரின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்று மனுவில் கேட்டிருப்பதால் அதை இப்போது யாரும் தொடுவதில்லை. காந்திபுரம் பக்கத்தில் பழைய ஆடியோ சாதனத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்து, 14 எழுத்து ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கியவர்கள் வேறு யாரேனும் இருந்தால், அந்தப் பில்லையும் ஜாப் கார்டையும் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவிக்கவும்.