டெவ்எம்மா, கேரெஃப்பா: கேபிளைப் பிடுங்கினால் தெரியும்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறைக்கு யுஎஸ்பி எடைக் கருவி ஒன்றுக்கான லினக்ஸ் டிரைவர் எழுதிக் கொடுத்தேன். என் மேசையில் ஒரு குறையும் இல்லை. பட்டறைப் பையன் எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கினான், மெஷின் அப்படியே நின்றுவிட்டது. தப்பு அவனுடையது இல்லை. கருவியின் தகவல் இருந்த நினைவகம் முழுவதையும் டெவ்எம் (devm) கையில் கொடுத்திருந்தேன். டிரைவர் வாங்கியதைத் தானாகத் திருப்பித் தரும் வசதி அது, லினக்ஸின் மையமான கெர்னலில் இருப்பது.

டெவ்எம் 2007-இல், 2.6.21 கெர்னலில் வந்தது. அதற்கு முன், கருவி செருகப்பட்டதும் ஓடும் ப்ரோப் (probe) செயல்பாட்டில் நினைவகம் போன்ற ஐந்து வளங்களை வாங்கி, நான்காவதில் பிழை வந்தால், கோட்டூ (goto) போட்டுத் தாவி ஒவ்வொன்றாகத் திருப்பித் தரவேண்டும். ஒரு படி தவறினால் நினைவகம் கசியும். டெவ்எம்மில் அந்தத் தொல்லை இல்லை. டிரைவர் கருவியை விட்டுப் பிரியும்போது, வாங்கிய வரிசைக்கு எதிர்வரிசையில் எல்லாம் தானாகப் போய்விடும்.

சிக்கலும் அங்கேதான். டெவ்எம்முக்குத் தெரிந்தது டிரைவர் பிரியும் நேரம் மட்டும். லினக்ஸில் கருவி ஒரு கோப்பாகத்தான் தெரியும்; எடை படிக்கும் நிரல் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. வீட்டைக் காலி செய்து பூட்டியாயிற்று, விருந்தாளி மாடியில் தூங்குகிறார் என்கிற கதை. அடுத்த முறை நிரல் கோப்பைப் படிக்கும்போதோ மூடும்போதோ, விடுவித்த நினைவகத்தைத் தொடும். கோப்பு திறந்திருந்தால் மாட்யூலை, அதாவது டிரைவரின் நிரலை, கெர்னலிலிருந்து அகற்ற முடியாதே என்று நானும் நம்பியிருந்தேன். கேபிளைப் பிடுங்குவதை அந்தக் காவல் தடுக்காது.

கேரெஃப் (kref) என்பது, ஒரு நினைவகத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை. தொடக்கத்தில் 1, கோப்பைத் திறந்தால் ஒன்று கூடும், கோப்பை மூடினாலும் டிரைவர் பிரிந்தாலும் ஒன்று குறையும், பூஜ்யமானால்தான் விடுவிப்பு. கெர்னல் மூலத்தில் இருக்கும் யுஎஸ்பி மாதிரி டிரைவரே இந்த வழியில்தான் போகிறது. ஆனால் இதற்கு உழைப்பு அதிகம். கருவியைத் தேடுவதும் எண்ணிக்கையைக் கூட்டுவதும் ஒரே பூட்டுக்குள் நடக்கவேண்டும். பூட்டு இல்லாமல் நடுவே கேபிள் போனால் பழைய கதைதான். நினைவகம் உயிரோடு இருந்தாலும் வன்பொருள் போய்விட்டதே, அதனால் 'துண்டிக்கப்பட்டது' என்று ஒரு கொடியும் வேண்டும், ஒவ்வொரு படிப்பிலும் அதைப் பார்க்கவும் வேண்டும்.

ரஸ்ட் (Rust) என்னும் நிரல்மொழி 2022 டிசம்பரில், 6.1 கெர்னலில் நுழைந்தது. கருவி போனபின் அதன் வளத்தைத் தொட முயன்றால் 'இல்லை' என்று பதில் வரும்படி, அந்த மொழியின் தரவு வகையிலேயே (type) கட்டலாம். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இந்தப் பட்டறை மெஷினில் ஓடும் கெர்னல் அதைவிடப் பழையது.

என் முடிவு: டிரைவரோடு பிரிந்தாலும் பாதகமில்லாதவற்றை, அதாவது பதிவேட்டு மேப்பிங், கடிகாரம், மின்சாரம் இவற்றை, டெவ்எம்மிடம் விடுகிறேன். கோப்பைத் திறந்த நிரல் தொடக்கூடிய தகவல் அமைப்புக்குக் கேரெஃப். இரண்டையும் கலக்கும்போது ஒரு கண்ணி உண்டு: இன்டரப்ட்டை (வன்பொருள் கெர்னலுக்குத் தரும் அழைப்பை) டெவ்எம்மில் வாங்கி, அது எழுதும் பஃபர் நினைவகத்தை, டிரைவர் பிரியும்போது ஓடும் ரிமூவ் (remove) செயல்பாட்டில் கையால் விடுவித்தால், ரிமூவ் முடியும்வரை இன்டரப்ட் வந்துகொண்டே இருக்கலாம். அதில் ஒருமுறை நானே சிக்கினேன்.

போன வாரம், விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் கேசான் (KASAN) சோதனையை இயக்கிய கெர்னலைப் போட்டு, கேபிளை அதே பையனிடம் கொடுத்தேன். டீ ஆறும்வரை பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தான்.